இயந்திரம் ஆடிய சதுரங்கம் – 14: செக்மேட்டிலிருந்து பின்னோக்கி

1970களின் இறுதி. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கென் தாம்ப்சனும் கிராண்ட்மாஸ்டர் வால்டர் பிரவுனும் ஒரு பந்தயம் வைத்துக்கொண்டார்கள். பலகையில் நான்கே காய்கள். பிரவுனிடம் ராஜாவும் ராணியும். கணினியிடம் ராஜாவும் ஒரு யானையும். ஐம்பது நகர்த்தல்களுக்குள் பிரவுன் வெல்ல வேண்டும். பந்தயப் பணம் 100 டாலர்.

பிரவுன் 1974, 1975, 1977 ஆண்டுகளின் அமெரிக்கச் சாம்பியன். ராணிக்கு எதிரே தனி யானை நிலைக்காது என்பது பிலிடோர் காலத்திலிருந்து, அதாவது 18ஆம் நூற்றாண்டிலிருந்து, செஸ் புத்தகங்கள் சொல்லிவரும் பாடம். யானையை ராஜாவை விட்டுப் பிரித்துவிட்டால் போதும், இரண்டு மூன்று செக்குகளில் அது ராணியின் கையில் விழுந்துவிடும். ஆகவே தற்காப்பவர் யானையை ராஜாவுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். பிரவுனுக்குத் தரப்பட்ட தொடக்க நிலை, மிகச் சரியாக ஆடினால் 31 நகர்த்தல்களில் முடியக்கூடியது. கையில் இன்னும் 19 நகர்த்தல்கள் மிச்சம்.

கணினி அந்தப் பாடத்தைப் படித்ததில்லை. யானையை ராஜாவை விட்டுத் தள்ளி வைத்தது. தன் ராஜா நிற்கும் ஓரத்துக்கும் எதிரி ராஜாவுக்கும் இடையே, ஒரு முழு வரிசையையே யானையால் அடைத்தது. புத்தகப்படி தவறான தற்காப்பு. ஆனால் அந்த யானையைப் பிடிக்கும் செக் எங்கே என்று பிரவுனால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஐம்பது நகர்த்தல் எல்லைக்குள் அவரால் வெல்ல முடியவில்லை, பணம் கைமாறியது.

பிரவுன் விடவில்லை. அந்த இறுதியாட்டத்தை உட்கார்ந்து படித்தார். சில வாரங்களில் திரும்பி வந்து, அதேபோல் 31 நகர்த்தல்கள் தேவைப்படும் இன்னொரு நிலையிலிருந்து ஆடினார். இந்த முறை யானையைப் பிடித்தார், சரியாக ஐம்பதாவது நகர்த்தலில். பணத்தையும் மீட்டார். நான்கு காய்கள் மட்டுமே உள்ள ஒரு பலகையில், உலகின் தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவருக்கு இவ்வளவு தெரியாமல் இருந்தது என்பது செஸ் உலகுக்கு அன்றைக்குப் புதுச் செய்தி. இந்தத் தொடரில் இதுவரை பார்த்த எல்லா மனித–இயந்திர மோதல்களிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். டீப் ப்ளூ கணினியின் வெற்றி வேகத்தின் வெற்றி. இது வேறு வகை.

என்ன வகை என்று புரிய, கணினிகள் அதுவரை ஒரு நிலையை எப்படி எடை போட்டன என்று பார்க்க வேண்டும். க்ளோட் ஷானன் 1950இல் எழுதிய கட்டுரை அதற்கு அடித்தளம் என்பதை முன்பே கண்டோம். ராணிக்கு 9, யானைக்கு 5, பிஷப்புக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1. இரட்டைச் சிப்பாய், தனிச் சிப்பாய், பின்தங்கிய சிப்பாய்க்கு அரைப் புள்ளி குறை. காய்களால் நகரக்கூடிய இடங்களுக்குச் சிறு கூடுதல். கணினி சில நகர்த்தல்கள் முன்னே தேடும். தேடல் நிற்கும் இடத்தில் இந்தக் கணக்கைப் போடும். அதில் வந்த எண்ணை நம்பித் தன் நகர்த்தலைத் தேர்ந்தெடுக்கும். பலகையில் காய்கள் நிறைந்திருக்கும்போது இது நன்றாகவே வேலை செய்தது. காய் அதிகம் உள்ளவர் பெரும்பாலும் வெல்வார்.

இறுதியாட்டத்தில் அந்தப் ‘பெரும்பாலும்’ உடைந்துபோகிறது. வெள்ளைக்கு ராஜா, ஒரு பிஷப், ஏ வரிசையில் ஒரு சிப்பாய். கறுப்பிடம் ராஜா மட்டும். ஷானன் கணக்கில் வெள்ளை 4 புள்ளி முன்னிலை; வெற்றி உறுதி என்று தோன்றும். ஆனால் சிப்பாய் ராணியாக வேண்டிய ஏ8 வெள்ளைக் கட்டம். பிஷப் கறுப்புக் கட்டத்தில் ஓடுவதாக இருந்து, கறுப்பு ராஜா அந்த மூலைக்குப் போய் உட்கார்ந்துவிட்டால் அவரை அங்கிருந்து கிளப்பவே முடியாது. ஆட்டம் டிரா. கணினி தன் 4 புள்ளியை வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டேயிருக்கும், ஐம்பது நகர்த்தல் விதி வந்து ஆட்டத்தை முடிக்கும் வரை. இதைவிட மோசம், நன்றாக வெல்லக்கூடிய ஓர் ஆட்டத்திலிருந்து, காய்களை மாற்றிக்கொண்டு ஆசையோடு அந்த நிலைக்குள் அதுவே நுழையும்.

இன்னொன்று. இரண்டு குதிரைகளும் ராஜாவும் சேர்ந்து தனி ராஜாவுக்கு மேட்டைக் கட்டாயப்படுத்த முடியாது. நெருக்கும்போது எதிரிக்கு நகர இடமில்லாமல் ஆட்டம் டிராவாகிவிடும். ஆனால் எதிரிக்கு ஒரு சிப்பாய் இருந்தால் கதை மாறுகிறது. ராஜா நகர முடியாவிட்டாலும் சிப்பாய் நகர வேண்டியிருக்கும். அந்த ஒரு நகர்த்தலில் மேட் விழும். ஒரு காய் கூடுதலாக இருப்பதாலேயே தோல்வி. கூட்டல் கணக்கு இங்கே தலைகீழாக நிற்கிறது. ரஷ்யாவின் அலெக்ஸி ட்ராய்ட்ஸ்கி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கையால் ஆராய்ந்து, சிப்பாய் எந்த எல்லைக்குள் நிறுத்தப்பட்டால் குதிரைகள் வெல்லும் என்று ஒரு கோடு வகுத்தார். பல பத்தாண்டுகள் கழித்துக் கணினிகள் சரிபார்த்தபோது அந்தக் கோடு சரியாக இருந்தது. காகிதமும் மரக்காயும் மட்டுமே கொண்டு அந்த மனிதர் அடைந்த துல்லியம் என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

இத்தகைய நிலைகளுக்கு நிரலாளர்கள் முதலில் ஒட்டுப் போட்டார்கள். மூலைச் சிப்பாயும் தவறான நிற பிஷப்புமா? மதிப்பைப் பூஜ்யத்தால் பெருக்கு. இரு தரப்பு பிஷப்புகளும் எதிரெதிர் நிறத்தில் ஓடுகின்றனவா? முன்னிலையைக் குறை. குதிரையும் பிஷப்பும் கொண்டு மேட் செய்ய வேண்டுமா? எதிரி ராஜாவைப் பிஷப் நிறத்து மூலைக்குத் தள்ளினால் கூடுதல் புள்ளி கொடு. நல்ல எஞ்சின்கள், அதாவது செஸ் ஆடும் நிரல்கள், எல்லாவற்றிலும் இப்படி விதிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. ஒவ்வொன்றும் ஒரு தோல்விக்குப் பிறகு எழுதப்பட்டது போலவே இருக்கும்.

தேடலிலும் இறுதியாட்டம் தனிச் சிக்கல் தந்தது. எஞ்சின்கள் வேகத்துக்காக ஓர் உத்தி வைத்திருக்கின்றன. ‘என் முறையை விட்டுக்கொடுத்து எதிரியை இருமுறை ஆட விட்டாலும் என் நிலை நன்றாக இருக்கிறதா? அப்படியென்றால் இந்தக் கிளையை மேலும் தேட வேண்டாம்’ என்று வெட்டிவிடும். ஆடாமல் இருப்பதைவிட ஆடுவது எப்போதும் மேல் என்ற நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. இறுதியாட்டத்திலோ, ஆட வேண்டியிருப்பதே சாபமாகும் நிலைகள் சகஜம். ஜுக்ஸ்வாங் என்று உலகம் முழுக்க ஜெர்மன் சொல்லாலேயே அழைக்கப்படும் நிலை அது. அதனால் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சியிருக்கும் இடங்களில் இந்த உத்தியை எஞ்சின்கள் நிறுத்திவைக்கின்றன.

தேடலுக்குச் சாதகமான பக்கமும் உண்டு. ரூபன் ஃபைன் 1941இல் வெளியிட்ட இறுதியாட்ட நூலின் 70ஆம் படம் செஸ் நிரலாளர்களுக்குத் தாலாட்டுப் போலப் பழகியது. வெள்ளை ராஜா ஏ1இல், கறுப்பு ராஜா ஏ7இல். நடுவே பூட்டிக்கொண்ட சிப்பாய்கள். வெல்ல ஒரே வழி ராஜாவைப் பி1க்கு நகர்த்துவது. பார்த்தால் எதுவுமே நடக்காத நகர்த்தல். பலன் தெரிய இருபதுக்கும் மேற்பட்ட அரை நகர்த்தல்கள் ஆகும். ஆனால் ராஜாக்கள் இருவரும் எந்தப் பாதையில் அலைந்தாலும் திரும்பத் திரும்ப அதே நிலைகளுக்குத்தான் வருகிறார்கள். ஒருமுறை பார்த்த நிலையை நினைவில் குறித்துவைத்துக்கொள்ளும் எஞ்சினுக்கு இது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. குறித்துவைக்காத எஞ்சினுக்கு எட்டாக் கனி.

இதெல்லாம் முன்னோக்கிப் பார்க்கும் கதை. தாம்ப்சன் பந்தயம் கட்டியது பின்னோக்கிப் பார்த்து.

அந்த யோசனை அவருடையது அல்ல. செஸ்ஸின் ஒவ்வொரு நிலையும் வெற்றி, தோல்வி, டிரா என்ற மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும் என்பதைக் கணிதவியலாளர் எர்ன்ஸ்ட் செர்மெலோ 1913இலேயே ஆராய்ந்தார். ரிச்சர்ட் பெல்மன் 1965இல், காய்கள் குறைந்த நிலைகளை முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு முழுமையாகத் தீர்க்கலாம் என்று எழுதினார். ஜெர்மனியின் தாமஸ் ஸ்ட்ரோலைன் 1970இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் அதைச் செய்தே காட்டினார், சில மூன்று, நான்கு காய் இறுதியாட்டங்களுக்கு.

செய்முறையில் மர்மம் இல்லை. ராஜாவும் யானையும் தனி ராஜாவுக்கு எதிராக என்று எடுத்துக்கொள்வோம். மூன்று காய்கள், ஒவ்வொன்றுக்கும் 64 இடம், யார் முறை என்பதற்கு இரண்டு. மொத்தம் 5,24,288 நிலைகள். செல்லாதவையும் ஒன்றின் பிரதிபிம்பமாக வருபவையும் கழிந்தால் இன்னும் வெகு குறைவு. முதலில், கறுப்பு மேட்டாகி நிற்கும் நிலைகளை எல்லாம் தேடிக் குறி. அடுத்து, அவற்றில் ஏதாவது ஒன்றுக்கு வெள்ளையால் ஒரே நகர்த்தலில் போக முடிகிற நிலைகளைக் குறி: ‘ஒன்றில் வெற்றி’. அதற்கு ஒரு படி பின்னால், கறுப்பு எதை ஆடினாலும் குறியிட்ட நிலையில்தான் போய் விழும் என்றால் அதையும் குறி. வெள்ளைக்கு ஒரு நல்ல வழி இருந்தால் போதும். கறுப்புக்கு எல்லா வழியும் அடைபட்டிருக்க வேண்டும். நுட்பம் முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில் இருக்கிறது. இப்படியே பின்னால் நடந்துகொண்டே போக, ஒரு சுற்றில் புதிதாகக் குறிக்க எதுவும் இராது. குறிபடாமல் மிஞ்சியவை எல்லாம் டிரா.

முடிந்ததும் கையில் இருப்பது ஒரு பட்டியல். எந்த நிலையைக் கேட்டாலும் அதன் முடிவையும், எத்தனை நகர்த்தலில் என்பதையும் சொல்லும். யானை இறுதியாட்டம் அதிகபட்சம் 16 நகர்த்தல், பிஷப்பும் குதிரையும் 33. இங்கே 9, 5, 3 என்ற புள்ளிகள் இல்லை, ஊகம் இல்லை, மதிப்பீடு என்ற பேச்சே இல்லை. பிரவுன் எதிர்கொண்டது ஆடுகிற இயந்திரத்தை அல்ல; ஆடி முடித்துவிட்ட இயந்திரத்தை. ஒவ்வொரு முறையும் தோல்வியை மிக நீளமாகத் தள்ளிப்போடும் நகர்த்தலைப் பட்டியலிலிருந்து எடுத்துவைத்தது, அவ்வளவுதான். 1977இல் டொராண்டோவில் நடந்த இரண்டாவது உலகக் கணினிச் செஸ் போட்டிக்குத் தாம்ப்சன் இந்தப் பட்டியலைக் கொண்டுபோயிருந்தார்.

யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் தாம்ப்சன். ஜோ கான்டனோடு சேர்ந்து அவர் கட்டிய பெல் என்ற செஸ் இயந்திரம் 1980இல் உலகக் கணினிச் சாம்பியன் ஆனது. அதோடு நிறுத்தியிருந்தாலும் அவர் பெயர் இந்தத் தொடரில் இருந்திருக்கும். ஆனால் 1980களில் அவர் ஐந்து காய் இறுதியாட்டங்களுக்குப் போனார். அங்கேதான் புத்தகங்கள் உண்மையில் கிழிந்தன.

இரண்டு பிஷப்புகள் ஒரு குதிரைக்கு எதிராக. 1851இல் லண்டனில் வெளியான நூலில் ஜோசஃப் கிளிங், பெர்னார்ட் ஹோர்விட்ஸ் இருவரும் இதற்கு ஒரு தற்காப்பைக் காட்டியிருந்தார்கள். குதிரையைப் பி7 கட்டத்திலோ, அதற்கு இணையான பி2, ஜி2, ஜி7 கட்டங்களிலோ வைத்து, ராஜாவை அதை ஒட்டி நிறுத்திக்கொள்ள வேண்டும். பிஷப்புகளால் உள்ளே புக முடியாது. டிரா. நூற்று முப்பது ஆண்டுகள் இதை யாரும் தீவிரமாக மறுக்கவில்லை. ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொன்னார்கள், கிராண்ட்மாஸ்டர்கள் அதை நம்பிக் காய்களை மாற்றிக்கொண்டார்கள்.

1983இல் தாம்ப்சனின் பட்டியல் வேறு சொன்னது. சில விதிவிலக்குகள் தவிர, பிஷப்புகளே வெல்கின்றன. மிகக் கடினமான நிலையில் குதிரையைப் பிடிக்க 66 நகர்த்தல்கள் ஆகும். கிளிங்–ஹோர்விட்ஸ் கோட்டை நிற்கும், ஆனால் நிலையாக நிற்காது. பொறுமையாக நெருக்கினால் குதிரை வெளியேறியே ஆக வேண்டும். வெளியேறியதும் அது பலகையைக் கடந்து வேறு மூலையில் மறுபடி கோட்டை கட்ட ஓடும். அதைத் தடுக்கத்தான் அத்தனை நகர்த்தல்கள்.

பட்டியல் முடிவைச் சொன்னது, காரணத்தைச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் ஜான் ராய்க்ராஃப்ட், இறுதியாட்டப் புதிர்களுக்காகவே 1965இல் ஈஜி என்ற இதழைத் தொடங்கியவர், அந்தக் காரணத்தைத் தேடி உட்கார்ந்தார். தாம்ப்சனின் நகர்த்தல் வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, வெற்றியைச் சில கட்டங்களாகப் பிரித்தார். கோட்டைக்குள் தள்ளுவது புரிந்தது. வெளியேற்றுவது புரிந்தது. கடைசி வேட்டையும் புரிந்தது. நடுவில் நீண்ட ஒரு பகுதி மட்டும் பிடிபடவில்லை. பிஷப்புகள் அங்கே எதை நோக்கி நகர்கின்றன என்று விளக்க மனிதரிடம் வார்த்தை இல்லை. இருந்தும் ஒவ்வொரு நகர்த்தலும் சரி. சரியான விடை கையில் இருந்தும் அதைப் பாடமாக்க முடியாமல் ஒரு நிபுணர் திணறியது, செஸ்ஸுக்கு அப்பாலும் இன்று நமக்குப் பழகிவிட்ட அனுபவம். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ராய்க்ராஃப்ட் அதைச் சந்தித்தார்.

விதிகளும் ஆட்டம் கண்டன. காய் வெட்டாமலும் சிப்பாய் நகராமலும் இரு தரப்பும் ஐம்பது நகர்த்தல் ஆடிவிட்டால் டிரா கேட்கலாம் என்பது பழைய விதி. 66 நகர்த்தல் வெற்றி என்றால்? உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1980களில் சில இறுதியாட்டங்களுக்கு மட்டும் வரம்பை நீட்டிப் பார்த்தது. ஆனால் புதிய பட்டியல்கள் வரவர விதிவிலக்குகளும் பெருகும் என்பது தெளிவாயிற்று. 1992இல் எல்லாவற்றையும் கைவிட்டு, எல்லா ஆட்டத்துக்கும் ஐம்பதே என்று திரும்பிவிட்டது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். மணிக்கணக்கில் நாற்காலியில் அமர்ந்து தற்காக்கும் மனிதரை, எந்த மனிதராலும் விளக்க முடியாத வெற்றிக்காகக் காக்கவைப்பது நியாயமில்லை.

அதன்பின் எண்கள் பூதாகரமாக வளர்ந்தன. 1990களின் தொடக்கத்தில் லூயிஸ் ஸ்டில்லர், பல்லாயிரம் சிறு செயலிகள் கொண்ட கனெக்ஷன் மெஷினில் ஆறு காய் நிலைகளைக் கணக்கிட்டார். யானையும் குதிரையும் இரண்டு குதிரைகளுக்கு எதிரான ஒரு நிலையில் முதல் காய் விழவே 243 நகர்த்தல்கள் என்று வந்தது. யூஜின் நலிமோவின் ஆறு காய்ப் பட்டியல்கள் ஒரு டெராபைட்டைத் தாண்டின. 2012இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் லொமனோசொவ் மீகணினி ஏழு காய்களை முடித்தது: 140 டெராபைட். அதிலுள்ள மிக நீண்ட வெற்றி 549 நகர்த்தல்கள்.

அளவை அடக்கியது ரொனால்ட் டி மான் 2013இல் தந்த சிசிஜி பட்டியல். மேட்டுக்கு எத்தனை நகர்த்தல் என்ற கணக்கை அவர் விட்டுவிட்டார். வெற்றியா தோல்வியா டிராவா என்பதும், அடுத்த காய் வெட்டலுக்கோ சிப்பாய் நகர்த்தலுக்கோ எவ்வளவு தூரம் என்பதும் மட்டும் போதும் என்றார். ஐம்பது நகர்த்தல் விதியையும் கணக்கில் சேர்த்தார். ஆறு காய்களும் சுமார் 150 கிகாபைட்டில் அடங்கின. ஒரு வீட்டுக் கணினி தாங்கும். 2018இல் ஏழு காய்களும் சிசிஜி வடிவில் முடிந்தபோது, லொமனோசொவ் பட்டியலோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு இடத்தையே பிடித்தது.

எஞ்சினுக்கு இதன் பயன், ஏழு காய் வந்த பிறகு சரியாக ஆடுவது மட்டுமல்ல. பன்னிரண்டு காய்கள் இருக்கும்போதே, தேடலின் ஏதோ ஒரு கிளை காய்களை மாற்றிக்கொண்டு பட்டியலின் எல்லையைத் தொடும். அந்தக் கணத்தில் ஊகம் நின்று உண்மை வந்துவிடுகிறது. ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் இப்படித் தொடும் கிளைகள் ஆயிரக்கணக்கில். முன்னே சொன்ன மூலைச் சிப்பாய்ப் பொறியில் எந்த எஞ்சினும் இன்று விழாததற்கு இதுவே முதல் காரணம்.

பட்டியல் எட்டாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு இரண்டு நிலைகளைச் சொல்ல வேண்டும். கையோடு பலகை இருந்தால் அடுக்கிப் பார்க்கலாம்.

முதலாவது 1998இல் ஸ்பெயினின் லினாரஸ் போட்டியில் வந்தது. வெசலின் டோபலோவ் வெள்ளை, அலெக்ஸி ஷிரோவ் கறுப்பு. வெள்ளைக்கு ராஜா ஜி1, பிஷப் சி3, சிப்பாய்கள் ஜி2, எச்4. கறுப்புக்கு ராஜா இ6, பிஷப் எஃப்5, சிப்பாய்கள் ஏ4, டி5, எஃப்6, ஜி6. கறுப்புக்கு இரண்டு சிப்பாய் அதிகம். ஆனால் பிஷப்புகள் எதிரெதிர் நிறம். வெள்ளை ராஜா இ3க்கு வந்து வழியை மறித்தால் டிரா. எல்லாம் யார் முதலில் நடுவுக்கு வருகிறார் என்பதில் இருக்கிறது. கறுப்பு ராஜா எஃப்5 வழியாக இ4க்குப் போக வேண்டும். அந்த எஃப்5இல் தன் பிஷப்பே நிற்கிறது. அதை இ4க்கு நகர்த்தினால் போக வேண்டிய இடமே அடைபடும். வேறெங்காவது சும்மா நகர்த்தினால் ஒரு நகர்த்தல் வீண்.

ஷிரோவ் 47ஆவது நகர்த்தலில் பிஷப்பை எச்3இல் கொண்டுபோய் வைத்தார். ஜி2 சிப்பாய் அதை அப்படியே வெட்டலாம்; டோபலோவ் வெட்டினார். அதற்குள் கறுப்பு ராஜா எஃப்5, அடுத்து இ4. வெட்டாமல் விட்டாலும் பிஷப் ஜி2இல் தன்னைக் கொடுத்து அதே ஒரு நகர்த்தலைச் சம்பாதித்திருக்கும். அதன் பின் எஃப்6 சிப்பாயையும் ஷிரோவ் விட்டுக்கொடுத்தார். டி சிப்பாயும் ஏ சிப்பாயும் ராஜாவின் துணையோடு இறங்கின. ஒற்றை பிஷப்பால் இரண்டையும் பிடிக்க முடியவில்லை. 53ஆவது நகர்த்தலில் டோபலோவ் ஆட்டத்தை விட்டார். ஒரு முழு பிஷப்பைக் கொடுத்து ஒரே ஒரு நகர்த்தலை வாங்கும் இந்த வியாபாரத்தை அன்றைய எஞ்சின்களின் கணக்கு ஏற்கவில்லை. மைனஸ் மூன்று என்று வந்த கிளையை அவை ஆரம்பத்திலேயே ஒதுக்கின. இன்றும் ஒவ்வொரு புதிய எஞ்சினுக்கும் யாராவது ஒருவர் இந்த நிலையைக் கொடுத்துப் பார்க்கிறார்.

இரண்டாவது நிலை எந்த ஆட்டத்திலும் வந்ததல்ல. 2017இல் பிரிட்டனின் பென்ரோஸ் இன்ஸ்டிடியூட் வெளியிட்டது. இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸின் பெயரில் அமைந்த அந்நிறுவனம், மனித உணர்வு கணக்கீட்டுக்கு அப்பாற்பட்டது என்ற அவருடைய வாதத்தோடு இதை இணைத்தது. அந்த வாதத்தை இந்தப் புதிர் தாங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நிலை மட்டும் அருமையானது. வெள்ளைக்கு ராஜா இ2. சிப்பாய்கள் ஏ2, பி3, சி4, சி6. கறுப்புக்கு ராஜா ஏ6, ராணி ஏ5, யானைகள் ஏ4, பி5, சிப்பாய்கள் ஏ7, பி6, சி5, பி4, ஏ3. கூடவே மூன்று பிஷப்புகள் இ5, எஃப்4, ஜி3 கட்டங்களில். ஷானன் கணக்கில் கறுப்பு 29 புள்ளி முன்னிலை. எஞ்சின்களும் கறுப்புக்குப் பிரம்மாண்ட வெற்றி என்றே காட்டின.

அடுக்கிப் பார்த்தால் தெரியும். ராணியைச் சுற்றி எல்லாக் கட்டங்களிலும் சொந்தக் காய்கள். யானைகளும் அப்படியே. ராஜா பி7க்கு வர முடியாது, சி6 சிப்பாய் காக்கிறது. சிப்பாய்கள் எதுவும் நகராது. கறுப்பால் நகர்த்த முடிந்தவை மூன்று பிஷப்புகள் மட்டுமே. மூன்றும் கறுப்புக் கட்டத்தில் ஓடுபவை. வெள்ளையின் நான்கு சிப்பாய்களும் வெள்ளைக் கட்டத்தில். வெள்ளை ராஜாவும் வெள்ளைக் கட்டங்களிலேயே உலாவினால் அவரை யாராலும் தொட முடியாது. யானையை வெட்டும் ஆசைக்கு இடம் கொடுக்காமல் இருந்தால் போதும். டிரா. விவரம் தெரிந்த ஒரு சிறுவனுக்குச் சில நிமிடங்களில் புரியும் இது, எஞ்சினுக்கு ஏன் புரியவில்லை? ‘இனி எப்போதும் எதுவும் மாறாது’ என்ற முடிவை நகர்த்தல்களைத் தேடித்தேடி அடைய முடியாது. முப்பது நகர்த்தல் தேடினாலும் 29 புள்ளி அப்படியே இருக்கும். குறையவில்லையே, நன்றாகத்தானே போகிறது என்று எஞ்சின் எண்ணும். பலகையில் பதினேழு காய்கள். பட்டியல் அங்கே எட்டாது.

இத்தகைய கோட்டைகளில் நரம்பு வலைப்பின்னல் எஞ்சின்கள் கொஞ்சம் தேறியிருக்கின்றன. ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் 2020 செப்டம்பரில் வந்த 12ஆம் பதிப்பில் அந்த வலைப்பின்னலை ஏற்றது. 2023இல் பழைய கைவிதிகளை முழுவதுமாக நீக்கியது. குதிரை–பிஷப் மேட்டுக்கான கூடுதல் புள்ளியும் எதிர்நிற பிஷப் பெருக்கலும் அதோடு போயின. அது காட்டும் எண்ணின் பொருளும் மாறிவிட்டது. இப்போது பிளஸ் ஒன்று என்றால் ஒரு சிப்பாய் முன்னிலை என்று பொருளில்லை. தனக்குச் சமமான எஞ்சினோடு ஆடினால் வெல்ல சரிபாதி வாய்ப்பு என்று பொருள்.

தனக்குச் சமமான எஞ்சினோடு. இதை மறந்துவிட்டு எண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்கு 2024 டிசம்பர் 12 பெரிய அதிர்ச்சி. சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டம். டிங் லிரென் வெள்ளை, சென்னையின் 18 வயது குகேஷ் கறுப்பு. இருவரிடமும் ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். எஞ்சின்கள் டிரா என்றே காட்டிக்கொண்டிருந்தன. அது பொய்யுமில்லை. சரியாக ஆடினால் டிராதான். ஆனால் வெள்ளை பிஷப் ஏ8 மூலையில் நின்றது. அங்கிருந்து அதற்கு ஒரே ஒரு மூலைவிட்டம். 55ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2க்குக் கொண்டுவந்து யானை மாற்றத்துக்கு வழிவிட்டார். யானைகள் வெட்டுப்பட்டன. அடுத்த நகர்த்தலில் குகேஷின் பிஷப் டி5இல் வந்து அதே மூலைவிட்டத்தில் நின்றது. விலகிப் போக வேறு வழியே இல்லாத வெள்ளை பிஷப் அங்கேயே மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும்: ஸ்ட்ரோலைன் 1970இல் நடக்கத் தொடங்கிய பாதை எப்போதோ தீர்த்துவைத்துவிட்ட பகுதி. டிங் 58ஆவது நகர்த்தலுக்குப் பின் கை கொடுத்தார்.

அந்த 55ஆவது நகர்த்தலுக்கு முன் எஞ்சின் காட்டிய பூஜ்யமும், பென்ரோஸ் நிலையில் அது காட்டியிருக்க வேண்டிய பூஜ்யமும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். ஒன்றில் எதுவும் நடக்க முடியாது. மற்றதில் பல மணி நேரம் ஆடிக் களைத்த மனிதர் ஒரே ஒரு கட்டம் தவறினால் உலகப் பட்டம் போய்விடும். இந்த வேறுபாட்டையும் அளந்து சொல்ல எஞ்சின்களைப் பழக்கும் முயற்சிகளை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)